டாபிசயரில் இளவேனில்

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என நம் முன்னோர் வகுத்தனர். நமது நாட்டில் அம்மாதங்களில் வெயில் ஏறும். வரண்ட பகுதிகளிலே குளங்கள் வற்றத் தொடங்கும். இங்கிலாந்திலோ அவ்விரு மாதங்களுமே ஆண்டின் உயிர்ப்புக் காலமாகும். ஐந்தாறு மாதம் இலையுதிர்ந்து நின்ற மரங்கள் தளிர்க்கின்றன. கொட்டிலில் அடைபட்டிருந்த கால்நடைகள் வெளியே வருகின்றன. நகரத்து மக்கள் காலணியை இறுகக் கட்டிக்கொண்டு நாட்டுப்புறம் நோக்கிப் புறப்படுகின்றனர். அவ்வாறு அவர்கள் பெருந்தொகையாய் நாடிச்செல்லும் இடங்களுள் ஒன்று டாபிசயர் என்னும் மாவட்டமாகும். அந்த மாவட்டத்தில் இளவேனிற் காலத்தில் நிகழும் விழாக்களையும், காண்பதற்குரிய இடங்களையும், அவற்றின் பின்னே நிற்கும் வரலாற்றையும் இன்றைய பேச்சில் எடுத்துக்கூற எண்ணுகிறேன்.

டாபிசயர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ளது. கடற்கரை இல்லை. மேற்கே மன்செஸ்ரர், வடகிழக்கே செபீல்ட் ஆகிய இரு பெருங் கைத்தொழில் நகரங்கள் அதனை நெருங்கி நிற்கின்றன. அதன் வடபாகம் மலைப்பாங்கானது. அம்மலைநாட்டை மக்கள் இரு கூறாகப் பிரித்துப் பேசுவர். தெற்கேயுள்ளது சுண்ணாம்புக்கல் நிலம். அது வெண்மலை நாடு. வடக்கேயுள்ளது கரிய மணற்கல் நிலம்; அது கருமலை நாடு. வெண்மலை நாட்டிலே பசும்புல் வெளிகளும், ஆழமான சிறு பள்ளத்தாக்குகளும், தெளிந்த நீரோடைகளும் உள. வயல்களைப் பிரிப்பன வெண்கல் மதில்கள். சாந்து சேராமல் கல்லின்மேற் கல் அடுக்கிக் கட்டியவை அவை. நெடுந்தீவிலே முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளைக் கண்டவர்கள் அம்மதில்களின் தோற்றத்தை எளிதில் மனத்திற் கொள்ளலாம். கருமலை நாட்டிலோ மதில்களும் மரங்களும் அருகிவிடும். அங்கே ஹெதர் என்னும் குறும்புதர் மூடிய மேட்டுவெளிகளே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். அவ்வெளிகளுள் உயர்ந்தது 2,087 அடி உயரமுள்ள கின்டர் ஸ்கவுட். அதனைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

இளவேனிலின் வருகையை முதலில் அறிவிப்பது ஒரு பந்தாட்டம். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முன்னாளாகிய செவ்வாய்க்கிழமையும், அடுத்த நாளாகிய சாம்பற் புதனும், அஷ்போர்ன் என்னும் சிறுபட்டினத்தில் இவ்வாட்டம் நடைபெறும். பெப்புருவரியிலோ மார்ச்சுத் தொடக்கத்திலோ அந்நாட்கள் வரும். ஊரின் நடுவே ஓடும் ஹென்மோர் என்னும் சிற்றோடைக்கு இக்கரையிற் பிறந்தோர் ஒரு கட்சி. அக்கரையிற் பிறந்தோர் மற்றொரு கட்சி. இலக்குகள் இரண்டுக்கும் இடையே மூன்று மைல் தூரம். ஆட்டக்களம் ஊர் முழுவதுமே! பிற்பகல் இரண்டு மணிக்குப் பந்து எறியப்படும். இரவு பத்து மணிவரை ஆடலாம். தெருவிலும் வயலிலும் ஓடைநீரிலும் நூற்றுக்கணக்கானோர் ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளிக்கொண்டு பந்தை நகர்த்துவர். கடைக்காரர் தம் கண்ணாடிச் சாளரங்களைப் பலகை அடித்து மறைத்துவிடுவர். 1928ஆம் ஆண்டில் அக்கால இளவரசர் எட்வேட் இவ்வாட்டத்தைத் தொடக்கி வைத்தார். இன்றும் அது நடந்துவருகிறது. பார்க்கச் செல்வோர் பழைய உடுப்பை அணிந்து, சற்று விலகி நிற்பதே அறிவுடைமை.

மார்ச்சு மாத நடுவிலிருந்து மே வரை ஆடுகள் குட்டியீனும் காலம். வயல்தோறும் தாயாட்டின் பின்னே இரண்டொரு குட்டிகள் துள்ளி ஓடுவதைக் காண்பது நகரத்துப் பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி. கமக்காரருக்கோ அது உறக்கமற்ற காலம். இரவிலும் கைவிளக்கோடு சென்று ஈனும் ஆடுகளைப் பார்த்துவருவர். தாயை இழந்த குட்டிக்குப் போத்தலிற் பாலூட்டுவர். ஒரு நாய் அவிழ்ந்து ஓடிச் சினையாடுகளைத் துரத்தினால், அந்த அச்சத்தினாலேயே கரு சிதைந்துவிடக்கூடும். ஓராண்டு உழைப்பு ஒரு கணத்தில் வீணாகும்.

ஏப்பிரில் கடைசியிலும் மே மாதத்திலும் காடுகளின் அடியிலே நீலமணிப் பூக்கள் மலர்கின்றன. மரங்களின் இலை அடர்ந்து நிழல் விழுமுன், கிடைத்த ஒளியைக் கொண்டு அவை அவசரமாகப் பூத்து முடிக்கின்றன. நிலத்திலே நீலப் புகை படிந்ததுபோல் அக்காட்சி தோன்றும். வெண்மலை நாட்டின் சரிவுகளில் ஊதா நிற ஓக்கிட்டுகள் தலைகாட்டும். மேட்டுவெளிகளுக்குப் பறவைகள் திரும்பிவரும். நமது ஆட்காட்டிக்கு உறவான லப்விங் என்னும் பறவையும், நீண்டு வளைந்த அலகினையுடைய கேர்லூ என்னும் பறவையும் புல்லிடையே நிலத்திற் கூடமைக்கும். இக்கேர்லூ நமக்கும் அந்நியமன்று. இதே இனப் பறவைகள் மாரி காலத்தில் வடக்கேயிருந்து மன்னார், யாழ்ப்பாணக் கடனீரேரிகளுக்கும் வந்து தங்குவதுண்டு.

இனி, டாபிசயருக்கே சிறப்பாக உரிய கிணற்றலங்கார விழாவைப் பற்றிக் கூறுவேன். இவ்வழக்கம் இம்மாவட்டத்திலும் அதனை அடுத்த சில ஊர்களிலும் வேரூன்றியதாகும். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை ஒவ்வொரு கிராமமும் தனக்குரிய நாட்களில் இதனைக் கொண்டாடும். தொடக்கத்தில் நிற்பது ரிசிங்ரன் என்னும் ஊர். இயேசுநாதர் விண்ணேறிய திருநாளாகிய வியாழக்கிழமையன்று அங்கே விழா தொடங்கும். உயிர்த்த ஞாயிறு ஆண்டுதோறும் மாறுவதால், இந்நாளும் ஏப்பிரில் 30க்கும் யூன் 3க்கும் இடையில் மாறிமாறி வரும்.

அலங்காரம் செய்யும் முறையைக் கேளுங்கள். முதலிலே பெரிய மரச் சட்டங்களைச் சில நாள் நீரில் ஊறவிடுவர். பின்னர் உப்பும் நீரும் சேர்த்துப் பிசைந்த களிமண்ணை அவற்றில் நிரப்பிச் சமப்படுத்துவர். உப்பு ஈரத்தைக் காக்கும். தாளில் வரைந்த சித்திரத்தைக் களிமண்மேல் விரித்து, கோடுகளின் வழியே ஊசியாற் குத்துவர். தாளை எடுத்தபின் மண்ணிலே புள்ளிக்கோடு நிற்கும். அக்கோட்டின்மேல் அல்டர் மரத்தின் சிறு கரிய காய்களையோ, கோப்பிக் கொட்டைகளையோ வரிசையாக அழுத்தி எல்லை கட்டுவர். எல்லைக்குள்ளே நிறம் நிரப்புவன பூவிதழ்கள். அடியிலிருந்து தொடங்கி, கூரைக்கு ஓடு வேய்வதுபோல, மேலிதழ் கீழிதழின்மேற் சற்றே படியுமாறு ஒவ்வொன்றாய்ப் பதிப்பர். அப்பொழுதுதான் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். பாசி, விதை, இலை, மரப்பட்டை ஆகிய இயற்கைப் பொருள்களே பெரும்பாலும் சேர்க்கப்படும். ஆயிரக்கணக்கான இதழ்கள்; பல நாள் உழைப்பு; பல கைகள். இதழ்கள் வாடுமென்பதால், கடைசி மூன்று நான்கு நாட்களுக்குள் இரவு பகலாக இவ்வேலை நடைபெறும். முடிந்த சித்திரத்தைக் கிணற்றின் மேலே நிறுத்திக் குருவானவர் நீரை ஆசீர்வதிப்பார். ஒரு வாரத்தில் இதழ் வாடும், களிமண் வெடிக்கும், சட்டங்கள் கழற்றப்படும்.

ஒரு வார வாழ்வுடைய பொருளுக்கு இத்துணை உழைப்பு ஏன்? சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் மேலே தங்காது. வெடிப்புகளின் வழியே கீழே இறங்கி மறைந்துவிடும். ஆகவே வற்றாத ஊற்று ஒன்று இருந்தால் அதுவே ஊரின் உயிர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமும் சுண்ணாம்புக்கல்லே. ஆதலின் இதனை நம்மவருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ரிசிங்ரன் விழாவின் தோற்றத்திற்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. 1349ஆம் ஆண்டளவில் நாடெங்கும் கொள்ளைநோய் பரவியபொழுது, தூய நீரினாலே தம்மூர் தப்பியதென மக்கள் நம்பி நன்றி செலுத்தினர் என்பது ஒன்று. 1615ஆம் ஆண்டுக் கடும் வரட்சியில் இவ்வூர்க் கிணறுகள் வற்றாமையே காரணம் என்பது மற்றொன்று. எது உண்மையாயினும், 18ஆம் நூற்றாண்டிலேயே அங்கே கிணறுகளுக்கு மாலையிட்டமைக்கு எழுத்துச் சான்று உண்டு. யூல்கிறேவ் என்னும் கிராமத்திலோ 1829ஆம் ஆண்டிலே குழாய்வழி நீர் வந்தது. அதுகாறும் பள்ளத்திலிருந்து நீர் சுமந்த மக்கள், அந்த நீர்க்குழாய்களையே பூவால் அலங்கரிக்கத் தொடங்கினர். 2020இல் பெருந்தொற்றுக் காரணமாகப் பல ஊர்களில் இவ்விழா நின்றுபோயிற்று. பின்னர் மீண்டும் தளிர்த்தது.

மே 29ஆம் நாளிலே காசில்ரன் என்னும் மலையடிக் கிராமத்தில் மாலை விழா நடைபெறும். நாடு கடந்து வாழ்ந்த இரண்டாம் சாள்சு மன்னர் 1660இல் அந்நாளில் இலண்டனுக்குத் திரும்பி வந்தார். அதன் நினைவே இவ்விழா என்பர். அதனிலும் பழைய இளவேனிற் சடங்கின் எச்சம் என்போரும் உளர். தேன்கூட்டின் வடிவிலமைந்த ஒரு பெருஞ்சட்டத்தைக் காட்டுப்பூக்களாலும் தோட்டப்பூக்களாலும் மூடி, குதிரைமீது அமர்ந்த ‘மன்னர்’ ஒருவரின் தலைவழியே இறக்குவர். ஏறத்தாழ 25 கிலோகிராம் எடை! இடைவரை அவர் பூவுக்குள் மறைந்துவிடுவார். அவர் பின்னே குதிரையில் ‘அரசி’ வருவார். வாத்தியம் முழங்க, வெள்ளுடை அணிந்த சிறுமியர் ஆடிவர, ஊர்வலம் தெருத்தெருவாய்ச் செல்லும். முடிவிலே மாலையைக் கயிற்றிற் கட்டிக் கோயிற் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றி, அங்கேயே வாடவிடுவர். மாலையின் உச்சியிலிருந்த சிறு பூச்செண்டு மட்டும் போரில் மாண்டோரின் நினைவுத்தூணில் வைக்கப்படும். காசில்ரனுக்குச் செல்வோர் அங்குள்ள பழைய கோட்டையையும், நான்கு குகைகளையும் காணலாம். நீலமும் மஞ்சளும் கலந்த ‘புளூ ஜோன்’ என்னும் அரிய கல் கிடைப்பதும் அவ்விடத்திலேதான்.

காசில்ரனிலிருந்து சில மைல் தூரத்தில் ஈம் என்றொரு கிராமம் உண்டு. இளவேனிலில் அங்கே வீட்டு முற்றங்கள் பூத்துக் குலுங்கும். ஆயினும் அங்கே செல்வோர் பூக்களைப் பார்க்குமுன் வீட்டுச் சுவர்களிலுள்ள பெயர்ப்பலகைகளையே நின்று வாசிப்பர். அவை இறந்தோரின் பெயர்கள்.

1665ஆம் ஆண்டு இலண்டனைக் கொள்ளைநோய் வாட்டியது. ஈம் ஊரின் தையற்காரர் ஒருவருக்கு அங்கிருந்து துணிப்பொதி ஒன்று வந்தது. ஈரமாயிருந்த துணியை விரித்து உலர்த்திய உதவியாளர் சில நாட்களில் மாண்டார். துணியோடு வந்த தெள்ளுகளே நோயைக் கொணர்ந்தன என்பது பரவலான விளக்கம். நோய் வீடுவீடாய்ப் பரவிற்று. 1666 யூனில், ஊர்க் குருவாகிய வில்லியம் மொம்பெசனும், அவருக்கு முன் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்த தொமஸ் ஸ்ரான்லியும், தம் பிணக்குகளை ஒதுக்கிவிட்டு ஒன்றாய் நின்று மக்களை வேண்டினர்: ஒருவரும் ஊரெல்லையைத் தாண்டுவதில்லை, அயலூர்களுக்கு நோயைக் கொண்டுசெல்வதில்லை. மக்கள் உடன்பட்டனர். எல்லைக்கல்லின் குழிகளிலே வினாகிரி ஊற்றி, அதனுள் காசை இட்டுவைப்பர். அயலூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துச் செல்வர். டெவன்சயர் பிரபுவும் தமது சாட்ஸ்வேத் மாளிகையிலிருந்து உணவனுப்பினார். தேவாலயம் பூட்டப்பட்டது, வழிபாடு பள்ளத்தாக்கின் வெளியிலே, இடம்விட்டு நின்றோர் நடுவே நடந்தது. அவரவர் இறந்தோரை அவரவரே புதைத்தனர். எலிசபெத் ஹன்கொக் என்னும் பெண் எட்டு நாட்களுக்குள் தன் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே அடக்கஞ் செய்தாள். மொம்பெசன் தம் குழந்தைகள் இருவரையும் முன்னரே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். அவர் மனைவி கதரினோ கணவரைப் பிரிய மறுத்து நோயாளருக்குப் பணி செய்து, ஆகஸ்டில் மாண்டார். நவெம்பரில் நோய் ஓய்ந்தபொழுது ஏறத்தாழ 260 பேர் இறந்திருந்தனர். அயலூர்கள் தப்பின.

இது படலையைத் தாமே உள்ளிருந்து பூட்டிக்கொண்டோரின் கதை. பூட்டிய படலையைத் திறப்பித்தோரின் கதை ஒன்றும் இதே மாவட்டத்தில் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மன்செஸ்ரர், செபீல்ட் நகரங்களின் தொழிலாளர் வாரம் முழுவதும் ஆலைப்புகையில் உழைத்தனர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றே அவர்களுக்கு ஓய்வு. கண்ணுக்கெட்டிய தூரத்தில் மேட்டுவெளிகள் கிடந்தன. ஆயினும் அவற்றுட் பெரும்பகுதி நிலப்பிரபுக்களின் தனிச்சொத்து. கிறவுஸ் என்னும் காட்டுக்கோழியை ஆண்டிற் சில நாட்கள் சுடுவதற்காக, ஆண்டு முழுவதும் காவலர் அங்கே நின்றனர். 1932 ஏப்பிரில் 24ஆம் நாள், ஹேபீல்ட் என்னும் ஊரிலிருந்து நூற்றுக்கணக்கான இளைஞர் கின்டர் ஸ்கவுட் மேட்டை நோக்கி அனுமதியின்றி நடந்தனர். அவர்களை முன்னின்று நடத்தியவர் பென்னி றொத்மன், வயது இருபது. வழியிலே காவலரோடு கைகலப்பு நேர்ந்தது. திரும்பிவந்தபொழுது ஆறுபேர் கைதாயினர். பிறர் நிலத்தில் நடப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றவியற் குற்றமன்று. ஆகவே கலகம் விளைத்தல் முதலிய குற்றங்களே சுமத்தப்பட்டன. ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. நடந்ததற்காகச் சிறையா என்று நாடு கேட்டது. தண்டனை, அடக்க நினைத்த இயக்கத்தையே வளர்த்துவிட்டது.

1949இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. 1951 ஏப்பிரிலில் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாக இம்மலைநாடே பிரகடனஞ் செய்யப்பட்டது. 1965 ஏப்பிரில் 24இல், அந்த நடைப்பயணத்தின் முப்பத்துமூன்றாம் ஆண்டு நிறைவன்று, ஈடேல் கிராமத்திலிருந்து ஸ்கொத்லாந்து எல்லைவரை செல்லும் 268 மைல் நடைபாதை திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளின் திறந்த மேட்டுவெளிகளில் நடக்கும் உரிமையை அனைவருக்கும் அளித்தது. 1932இல் அம்மேட்டுவெளியின் ஒரு பகுதி டெவன்சயர் கோமகனுக்குரியது. அதாவது, ஈம் மக்களுக்கு உணவனுப்பிய அதே குடும்பத்துக்குரியது. 2002இல், எழுபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில், அக்குடும்பத்தின் பதினோராவது கோமகன் மக்கள் முன்னே நின்று, தம் பாட்டனார் காலத்தில் நிகழ்ந்ததற்கு வருத்தந் தெரிவித்தார்.

அவர்களுடைய சாட்ஸ்வேத் மாளிகையும் காண்பதற்குரியது. 19ஆம் நூற்றாண்டில் அதன் தோட்டத் தலைவராயிருந்தவர் யோசேப்பு பக்ஸ்ரன். அவர் 1830களில் கண்ணாடி வீட்டுள் வளர்த்த ஒருவகை வாழை, கோமகனின் குடும்பப் பெயரால் ‘கவெண்டிஷ்’ எனப்பட்டது. அங்கிருந்து தென்கடற் தீவுகளுக்கும் அது சென்றது. இன்று உலகச் சந்தையில் ஏற்றுமதியாகும் வாழைப்பழத்திற் பெரும்பகுதி அவ்வகையினதே. குளிர்நாட்டுக் குடும்பம் ஒன்றின் பெயரை வெப்பநாட்டுக் கனி சுமந்து நிற்பது விந்தையன்றோ!

நேயர்களே, மேட்டுவெளிகள் இப்பொழுது திறந்து கிடக்கின்றன. உரிமை கிடைத்தபின் வருவது பொறுப்பு. ஆண்டுதோறும் அங்கே இலட்சக்கணக்கானோர் செல்கின்றனர். அம்மேட்டு நிலத்தின் அடியிலிருப்பது பீற் எனப்படும் முற்றா நிலக்கரி. இறந்த பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறிப் படிந்து உண்டானது அது. இளவேனிலிலே சென்ற ஆண்டின் புல் காய்ந்து நிற்கும். அப்பொழுது கவனமின்றி மூட்டிய ஒரு சிறு அடுப்பு மேட்டையே எரித்துவிடும். தீ நிலத்தினுள்ளும் புகுந்து பல நாள் கனன்றுகொண்டிருக்கும். மார்ச்சு முதலாம் நாளிலிருந்து யூலை முடியும் வரை, திறந்த மேட்டுவெளியில் நாயைக் குறுங்கயிற்றிற் கட்டியே அழைத்துச் செல்லவேண்டும் என்பது சட்டம். நிலத்திலே முட்டையிட்ட பறவைக்கு வேறு காவல் இல்லை. மதிலின்மேல் ஏறலாகாது. சாந்தில்லாத மதிலில் ஒரு கல் நழுவினால் பத்துக் கல் சரியும். நடப்போருக்கெனக் கடப்புகள் அமைத்துள்ளனர்; அவற்றின் வழியே செல்லவேண்டும்.

படலையைப் பற்றியும் ஒரு விதி உண்டு. மூடியே செல்க என்று அது கூறவில்லை. கண்டவாறே விட்டுச் செல்க என்று கூறுகிறது. மூடியிருந்த படலையைத் திறந்துவிட்டால் ஆடுகள் வீதிக்குப் போய்விடும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் திறந்திருந்த படலையை நல்லெண்ணத்தோடு மூடினாலும் கேடு விளையும். கமக்காரர் ஆடுகள் நீர்நிலைக்குச் செல்வதற்காக அதனைத் திறந்து வைத்திருக்கலாம். உள்ளே அகப்பட்ட தாயாடு நீரின்றித் தவிக்கும். அதன் குட்டி பாலின்றித் தவிக்கும். ஆகவே, பிறர் நிலத்தில் நடக்கும் விருந்தினர் தம் அறிவைவிட அந்நிலத்தில் வாழ்வோரின் அறிவை மதித்து நடக்கவேண்டும் என்பதே அவ்விதியின் பொருள்.

பிறருக்காகத் தம் எல்லையைத் தாண்டாது மாண்டோரும், பிறருக்காக எல்லையைத் தாண்டிச் சிறை சென்றோரும் வாழ்ந்த மண் அது. அங்கே நீருக்குப் பூச்சூட்டும் கைகள் இன்னும் இருக்கின்றன. இளவேனிலில் டாபிசயருக்குச் செல்லும் வாய்ப்பு நம்மவருள் எவருக்கேனும் கிட்டினால், விழாவைக் காணும்பொழுது இவற்றையும் எண்ணிப் பாருங்கள். திரும்பும் வழியிலே படலையையும் கண்டவாறே விட்டு வாருங்கள்.